டீசல் பக்கம்: பெரிய பம்ப் போட்டால் லாரி இழுக்குமா?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். குலசேகரத்திலிருந்து பெரும்பாவூருக்கு ரப்பர் தடி ஏற்றும் லாரி வைத்திருக்கிறேன். பழைய இன்லைன் பம்ப் (நாசில்களுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்பில் ஒரு பழைய வகை) வண்டி. காலையில் ஹேண்ட் பம்ப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. லோடோடு ஏற்றத்தில் திணறுகிறது. ஓரமாக நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் ஒழுங்காக ஓடுகிறது. டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் பீட் பம்ப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். கடையில் கம்பெனி பம்ப் ஒன்றும், பாதி விலைக்கு வேறொன்றும் காட்டினார்கள். என் மைத்துனனோ, பீட் பம்பின் வேலையையே செய்யும், அமெரிக்காவில் போடும் மின்சார லிப்ட் பம்ப் போட்டால் இழுவை கூடும் என்று வீடியோ காட்டுகிறான். எதை வாங்குவது?
— லாரி உரிமையாளர், குலசேகரம்

பதில்: தம்பி, ‘கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் ஒழுங்காக ஓடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகவே, பணத்தை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள் என்று சொல்கிறேன். தேய்ந்துபோன பீட் பம்ப், ஓய்வு கொடுத்தால் தேறி எழுவது அரிது. டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்ட வண்டிதான் இப்படி நடந்துகொள்ளும். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் முன்னால் இழுக்கும் டீசலை டேங்க் பின்னால் இழுக்கும். நிறுத்தி வைத்தால் மெல்லக் காற்று கசிந்து உள்ளே போகும், வண்டியும் கிளம்பிவிடும். டேங்குக்குள் இருக்கும் சல்லடையில் கசடு ஒட்டினாலும் இதே கதைதான். இழுக்கும்போது ஒட்டும், நிறுத்தினால் உதிரும். தோட்டப் பாதைச் செம்மண்ணிலும், ஆண்டுக்கு இரண்டு பருவமழையிலும் ஓடும் நம் மாவட்ட வண்டிகளில் இந்த இரண்டையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். அடுத்த முறை திணறியதும் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தால், குற்றவாளி மூடிதான்.

காலையில் ஹேண்ட் பம்ப் அடிக்க வேண்டியிருப்பது தனிப் பிரச்சினை. இரவில் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்குகிறது என்று அதற்குப் பொருள். பீட் பம்புக்குள் இருக்கும் வால்வில் தூசி சிக்கியிருக்கலாம். டேங்கிலிருந்து பம்ப் வரை வரும் பைப்பில் எங்காவது காற்று புகலாம். இந்தப் பக்கத்துக் கசிவு வெளியே ஒரு சொட்டு ஈரத்தைக்கூடக் காட்டாது. பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். துடைத்துப் பார்த்து ‘கசிவே இல்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். சந்தேகம் தீர எளிய வழி உண்டு. சுத்தமான கேனில் டீசல் ஊற்றி வண்டியில் பத்திரமாகக் கட்டி, அதிலிருந்து புதிய ஹோஸ் மூலம் நேராகப் பீட் பம்புக்குக் கொடுத்து ஓட்டுங்கள். கோளாறு மறைந்துவிட்டால் பம்ப் நல்ல பம்ப். டேங்க், பைப், மூடி இவற்றில்தான் வேலை. கேனில் ஓட்டியும் திணறினால், பில்டரை மாற்றிவிட்டு, இன்ஜெக்‌ஷன் பம்புக்குள் டீசல் நுழையும் இடத்தில் ஒரு கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இன்லைன் பம்புகள் பெரும்பாலும் 1 முதல் 2 பார் (அழுத்த அளவு) வரை கேட்பவை. உங்கள் வண்டிக்கு உரிய அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அளவு குறைந்தால்கூட, மிகுதி டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டன் லைனில் இருக்கும் ஓவர்ப்ளோ வால்வின் ஸ்பிரிங்கைப் பார்த்த பிறகே பீட் பம்பைக் குறை சொல்ல வேண்டும்.

இவ்வளவும் பார்த்துப் பம்ப்தான் என்று உறுதியானால், கம்பெனி பம்பையே வாங்குங்கள். பெங்களூரில் 1951-இல் தொடங்கிய மைக்கோ, 2008-இல் பாஷ் என்று பெயர் மாறியது. லாரிக்காரர்கள் வாயில் இன்றும் அது மைக்கோ பம்ப்தான். பழைய பம்பின் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்து, அதே எண்ணைக் கேளுங்கள். ‘மூன்று போல்ட் ஓட்டையும் சேர்கிறது, இது போதும்’ என்று கடைக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

பாதி விலைப் பம்பை நான் ஏன் தள்ளுகிறேன் என்றால், காரணம் அதன் தண்டில் இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் பம்பின் கேம் (சுழலும் மேடு) தள்ளும்போது ஒரு மெல்லிய தண்டு உள்ளே போய் பிஸ்டனைத் தள்ளும். ஒரு பக்கம் டீசல், மறுபக்கம் ஆயில். நடுவில் காவல், அந்தத் தண்டும் அது ஓடும் துளையும் ஒன்றோடொன்று சேரும் நுணுக்கம் மட்டுமே. தண்டை விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடவே கூடாது. என் பட்டறைக்கு வந்த சில மலிவுப் பம்புகளில் இந்த ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தது. அந்த இடைவெளி வழியாக டீசல் கேம் பாக்ஸில் இறங்கி, எஞ்சின் ஆயிலோடு கலக்கும். கேஜ் சரியான அழுத்தம் காட்டும், வண்டியும் நன்றாக இழுக்கும். உள்ளே பேரிங்குகள் நீர்த்த ஆயிலில் தேய்ந்துகொண்டிருக்கும். பீட் பம்பில் மிச்சம் பிடித்த பணத்துக்கு எஞ்சினை விலையாகக் கொடுக்க வேண்டுமா?

மைத்துனர் காட்டும் வீடியோ பொய்யில்லை. ஆனால் அது வேறு வண்டியின் நோய்க்கு மருந்து. 1998-இன் பாதியிலிருந்து 2002 வரை வந்த டாட்ஜ் ராம் வண்டிகளில், 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினுக்கு விபி44 என்ற ரோட்டரி பம்ப் இருந்தது. தன் வழியே ஓடும் டீசலால்தான் அது குளிர்ந்தது, வழவழப்பும் பெற்றது. கம்பெனி கொடுத்த சிறிய மின்சார லிப்ட் பம்ப் தளர்ந்தால், விலை உயர்ந்த அந்தப் பம்பும் சேர்ந்து போகும். அதனால்தான் அங்கே ஏர்டாக், ஃபாஸ் (FASS) போன்ற பம்புகள் பரவின. காற்றையும் தண்ணீரையும் பிரித்து, மிகுதியை டேங்குக்கே திருப்பி அனுப்பும் நல்ல பம்புகள் அவை. அப்படி ஒரு பம்ப் மணிக்கு 150 கேலன் தள்ளும் என்றால், அது சுமார் 568 லிட்டர். உங்கள் லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்து 60 வேகத்தில் ஓடினால் எரிப்பது மணிக்கு 15 லிட்டர்.

உங்கள் பீட் பம்ப் தேவையறிந்து வேலை செய்யும் பம்ப். கேம் ஸ்பிரிங்கை அழுத்திவிட்டு ஒதுங்கும். டீசலை முன்னால் தள்ளுவது ஸ்பிரிங். எதிரே அழுத்தம் நிறைந்துவிட்டால் ஸ்பிரிங் தானாகவே நின்றுகொள்ளும். நாசிலுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது இன்ஜெக்‌ஷன் பம்ப். அதற்கு வேண்டியது கிடைத்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் எத்தனை பெரிய பம்ப் வைத்தாலும் இழுவை கூடாது. மேலும் அந்த அமெரிக்கப் பம்புகள் 12 வோல்ட். உங்கள் லாரி பெரும்பாலும் 24 வோல்ட்டாக இருக்கும்.

கேள்வி: குளச்சலில் மீன் ஏற்றும் பி.எஸ்.4 பிக்கப் வண்டி. டேங்க் பக்கத்திலுள்ள மின்சார பம்ப் அடிக்கடி நின்றுவிடுகிறது. பெட்ரோல் கார் பம்ப் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா?

பதில்: போடாதீர்கள். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் பம்புகள் பெரும்பாலும் 3 பார் அழுத்தத்துக்குச் செய்தவை. காமன் ரெயில் (எல்லா நாசில்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) வண்டிகள் சிலவற்றில் உயர் அழுத்த பம்ப், டேங்கிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ளும்படி அமைந்திருக்கும். அதற்குள் மிகுந்த அழுத்தத்தைத் திணித்தால் சீல் போகும். டீசல் கெட்டியானது என்பதால் அந்த மோட்டாரும் சூடேறிச் சாகும்.

முதலில் பம்பின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். ஐஸ் உருகி உப்போடு சொட்டும் தண்ணீர் அங்கே பச்சைக் களிம்பு பிடிக்க வைத்திருக்கும் என்று நினைக்கிறேன். பம்ப் ஓடும்போதே மீட்டர் வைத்து அளந்தால், பேட்டரியில் இருக்கும் வோல்ட் பம்பில் இருக்காது. எர்த் வயரைச் சுரண்டிப் புதிதாகக் கட்டி, கனெக்டரை மாற்றினாலே பலருக்கு வேலை முடிந்துவிடும். அப்படியும் நின்றால் வண்டிக்கு உரிய பம்பையே வாங்கி, மீன் பெட்டித் தண்ணீர் விழாதபடி மேலே ஒரு தகடு அடித்துப் பொருத்துங்கள். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி ரிலே, பியூஸ் இரண்டும் இருக்கட்டும். விபத்தில் பைப் அறுந்தபின் ஓடும் பம்ப் ரோட்டில் டீசலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: பழைய பீட் பம்பையே கிட் (உள்ளே மாற்றும் உதிரிபாகங்கள்) மாற்றி ஓட்டலாமா? — தக்கலை வாசகர்

பதில்: தண்டு ஆடாவிட்டால் தாராளமாக ஓட்டலாம். வால்வு, ஸ்பிரிங், செம்பு வாஷர், ஹேண்ட் பம்ப் எல்லாம் தனியாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின், டேங்கிலிருந்து டீசல் உள்ளே வரும் துளையைக் கட்டைவிரலால் மூடி ஹேண்ட் பம்பை அடியுங்கள். விரலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். விட்ட பிறகும் சற்று நேரம் பிடித்திருக்க வேண்டும். பொருத்திய மறுநாளிலிருந்து ஒரு வாரம், காலையில் ஆயில் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு ஏறினாலோ, டீசல் வாடை அடித்தாலோ தண்டு போய்விட்டது. பம்பை மாற்றி, ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.