ஒருவருக்கு எத்தனை பெயர்கள்?

அன்புள்ள ஐயா,

தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் நூற்றைம்பது பக்கங்கள் கடந்திருக்கிறேன். திமித்ரியும் மீத்யாவும் ஒருவரே என்பது வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது. இரண்டு நாள் இடைவெளி விட்டால் யாருக்கு யார் என்ன உறவு என்பதே மறந்துவிடுகிறது. இணையத்தில் கிடைக்கும் கதாபாத்திரப் பட்டியலை வைத்துக்கொண்டு வாசிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் பட்டியல் வேண்டாம். நாவல் நூற்றுக்கணக்கான பக்கங்களில் மெல்லத் திறந்து காட்டுவதை அது ஒரே வரியில் சொல்லிவிடக்கூடும். அதைவிட, பெயர்கள் இந்நாவலில் செய்யும் வேலையை உங்களிடமிருந்து மறைத்துவிடும்.

ரஷ்யர்களுக்கு இயற்பெயர், தந்தையின் பெயரிலிருந்து அமையும் பெயர், குடும்பப் பெயர் என மூன்று உண்டு, செல்லப்பெயர்கள் தனி. தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொண்ட நமக்கு இது முற்றிலும் அந்நியமான வழக்கமல்ல. திமித்ரியை மரியாதையோடு விளிப்பவர் 'திமித்ரி ஃபியோதரோவிச்' என்கிறார், நெருங்கியவர் 'மீத்யா' என்கிறார். ஆகவே பெயர் மாறும் இடத்தில் பேசுபவர் யார், அவருக்கு இவர் எவ்வளவு அணுக்கம் என்பதைக் கவனித்தால் போதும். அக்ரஃபேனா அலெக்ஸாந்த்ரோவ்னா என்ற பெண்ணுக்காக மூவாயிரம் ரூபிளை உறையிலிட்டு வைத்திருக்கும் கிழவர் ஃபியோதர், திமித்ரியின் தந்தை, அதன்மேல் அவளை 'என் தேவதை குரூஷென்கா' என்று எழுதுகிறார். அந்தச் செல்லப்பெயரிலேயே அவருடைய மோகம் முழுவதும் இருக்கிறது.

எனக்கு இந்நாவலில் மிகவும் கூர்மையாகப் படுவது ஸ்மெர்த்யாகோவின் பெயர். ஃபியோதரின் வீட்டுச் சமையல்காரனான அவன் அவருக்கே பிறந்தவன் என்று ஊர் பேசுகிறது, அவர் மறுக்கிறார். ஆனால் பாவெல் என்று பெயரிடப்பட்ட அவனை எல்லோரும் தாமாகவே 'பாவெல் ஃபியோதரோவிச்' என்று அழைக்கத் தொடங்கும்போது அவர் அதைத் தடுக்கவில்லை, வேடிக்கையாகவே எடுத்துக்கொள்கிறார். மகனுக்குரிய உரிமை எதையும் தராமல் தந்தைபெயரை மட்டும் அவன்மேல் ஒட்ட விட்டுவிடும் அந்தக் கொடுமையைப் பட்டியலில் காண முடியாது.

குறிப்பெடுப்பதானால் பெயர்களை எழுதாதீர்கள். யார் யாரிடம் என்ன கேட்கிறார், யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார் என்பதை எழுதுங்கள். நாவல் பன்னிரண்டு பாகங்களாகவும் ஒரு முடிவுரையாகவும் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொரு பாகத்தின் இறுதியிலும் நினைவிலிருந்து நான்கு வரி எழுதிக்கொண்டால் போதும்.

துணைப்பாத்திரங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். 1879 ஜனவரியில் தொடங்கி 1880 நவம்பர் வரை பத்திரிகையில் தொடராக வந்த நாவல் இது. முதல் வாசகர்களும் இதை வாரக்கணக்கான இடைவெளிகளோடுதான் வாசித்தார்கள். மீத்யா தாடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துவந்த அந்த ஏழைக் கேப்டனின் பெயர் ஸ்னெகிரியோவ் என்பதை நீங்கள் மறக்கலாம், ஆனால் அந்தத் தாடியையும் அதனால் அவருடைய சிறுவன் அடைந்த அவமானத்தையும் தஸ்தயேவ்ஸ்கி உங்களை மறக்க விடமாட்டார்.

இப்போது முதல் பாகத்துக்குத் திரும்பிச் சென்று மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். அது சிறியது, தந்தையையும் மூன்று மகன்களையும் நிதானமாக அறிமுகப்படுத்துவதற்கென்றே எழுதப்பட்டது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.