வீடற்றோர் மருத்துவ முகாமுக்கு மாணவர் ஏலம்: காசு எங்கே சேரும், எங்கே ஒழுகும்

கேள்வி: இலங்கையின் வன்னியில் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்கள், பேருந்து நிலையத்திலும் கடை விறாந்தையிலும் படுத்தெழும்புகிறவர்களுக்கான இலவச மருத்துவ முகாமுக்கு ஏலம் வைத்துக் காசு சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம். அறுவடை விழாவிலும் கோயிலிலும் ஒரு பூசணிக்காய் சந்தை விலையைவிடப் பல மடங்குக்குப் போவதைப் பார்த்து வளர்ந்த சனம் எங்களது.

காசு எதற்கென்று முதலில் தீர்மானியுங்கள். அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். வீதியில் கிடப்பவருக்கு இல்லாதது அங்கே போக பஸ் காசு, நோய் விவரம் எழுதும் கிளினிக் கொப்பி நனையாமல் வைக்க ஓர் இடம், கால்புண்ணுக்கு நாள்தோறும் மருந்து கட்ட ஓர் ஆள். ஆகவே புண்ணில் வைக்கும் கோஸ் துணி, பண்டேஜ், புண் கழுவும் சேலைன், செருப்பு, கொப்பிக்குப் பொலித்தீன் உறை, ஓட்டோக் காசு என்று பட்டியலிடுங்கள். சேலைன் போத்தலைத் திறந்தால் 24 மணித்தியாலத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. சிறிய போத்தலே வாங்குங்கள். சீனி பார்க்கும் ஸ்ட்ரிப்பைப் பெருந்தொகையாக வாங்க வேண்டாம். அநேகமானவை 30 பாகைக்குக் கீழே வைக்க வேண்டியவை. சித்திரை வெயிலில் வான் வண்டிக்குள் கிடந்தால் பிழையான அளவு காட்டும்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே அனுமதி எடுங்கள். மருந்து எழுதுவது பதிவுபெற்ற வைத்தியர் மட்டுமே.

ஏலத்துக்கு மாசி, பங்குனி நல்லது: காலபோக (மாரிமழைப் போக) நெல் விற்ற காசு கையில் இருக்கும், மழையும் விட்டிருக்கும். 25 முதல் 30 பொருள் போதும். ஒன்றுக்கு 3 நிமிடம் என்றாலே ஒன்றரை மணித்தியாலம். அதற்குமேல் சனம் எழும்பிவிடும். காட்டுத்தேன், மொட்டைக்கறுப்பன் அரிசி, பனையோலைப் பெட்டி, கருவாடு, சேவல் எல்லாம் நன்றாகப் போகும். உங்கள் உழைப்பையும் ஏலம் விடுங்கள். விவசாய பீட மாணவர் ஒட்டு மாங்கன்று நட்டுக் கொடுக்கலாம், பொறியியல் மாணவர் கிணற்று மோட்டார் பார்த்துக் கொடுக்கலாம். செலவே இல்லாத பொருள் அது.

சந்தை விலையில் பாதியில் தொடங்குங்கள். 1000 ரூபா வரை 100 ஆகவும், 5000 வரை 250 ஆகவும், பிறகு 500 ஆகவும் ஏற்றுங்கள். ஆகச் சிறந்த பொருளை முதலில் எடுக்காதீர்கள், சனம் இன்னும் வந்துகொண்டிருக்கும். எட்டாவது, பத்தாவதாக விடுங்கள். எடுத்தவரே "திருப்பிக் கூறுங்கோ" என்று பொருளைத் தந்தால் மறுபடி ஏலத்தில் விடலாம் என்று தொடக்கத்திலேயே அறிவியுங்கள். ஒரே பலாப்பழம் மூன்று தரம் விற்கும்.

அதிகம் ஒழுகுவது "பிறகு தாறன்" என்ற சொல்லில்தான். ஊர்க் கோயிலில் அது சரிவரும். அங்கே ஆளை ஆள் தெரியும். மாணவர் ஏலத்தில் சரிவராது. வாசலில் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி, இலக்க அட்டை கொடுங்கள். "மூன்றுதரம்" சொன்னவுடன் பொருள், அட்டை இலக்கம், தொகை மூன்றையும் இருவர் தனித்தனிக் கொப்பியில் பதிய வேண்டும். ஒருவர் மட்டும் எழுதினால் கைதட்டலில் ஒரு பூச்சியம் மாறிவிடும். காசு கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டினால்தான் பொருள். மறுநாளே மாணவர் சங்கப் பெரும்பொருளாளரான விரிவுரையாளரின் கையெழுத்துடன் வங்கியில் இடுங்கள்.

நோயாளிகளின் படத்தைச் சுவரொட்டியில் போடாதீர்கள். வீடில்லாவிட்டாலும் முகம் அவர்களுடையது. ஏலமேசையில் ஏழு கோஸ் பொதி, ஏழு சிறிய சேலைன், இரண்டு பண்டேஜ், ஒரு சோடிச் செருப்பு வையுங்கள். "இவ்வளவும் ஒருவருடைய காலுக்கு ஒரு கிழமைக்கு" என்று சொல்லி, விலையையும் சொல்லிவிட்டு முதல் பொருளைத் தூக்குங்கள்.