ப்ராஸ்பெக்ட் ரிசர்ச் வேலைக்கு வந்திருக்கும் தேவகோட்டைத் தம்பிக்கு

தம்பி, காரைக்குடியில் நூலக அறிவியல் படித்துவிட்டு, மனைவியின் வேலைக்காக அமெரிக்கா வந்து, ஒரு பல்கலைக்கழகத்தின் நன்கொடை அலுவலகத்தில் கொடையாளர்களைப் பற்றித் தகவல் திரட்டும் வேலையில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். எந்தச் சான்றிதழ் படித்தால் மேலே போகலாம், குளிருக்கு என்ன வாங்குவது, கார் உரிமம் எப்படி எடுப்பது என்று மூன்று கேள்விகள். குளிரையும் உரிமத்தையும் உங்கள் ஊர்ச் சங்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். வந்த புதிதில் எனக்கு இதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

சான்றிதழில் இப்போதைக்குக் காசைப் போடாதீர்கள். இந்த வேலைக்கு உரிமம் எதுவும் கிடையாது. எல்லாரும் சொல்லும் சி.எஃப்.ஆர்.இ., அதாவது நன்கொடை திரட்டுபவர்களுக்கான சான்றிதழ்த் தேர்வு, முக்கியமாக நேரில் போய்ப் பணம் கேட்பவர்களை மனத்தில் வைத்து அமைந்தது. அதற்கு முன்னனுபவமும் காட்டவேண்டும். நம்மவர்களில் பலர் வேலையில் ஊன்றுவதற்கு முன்பே பெயருக்குப் பின்னால் நாலெழுத்துத் தேடி ஓடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 1987-இல் தொடங்கிய ஆப்ரா, இந்தத் தொழிலுக்கென்றே இருக்கும் சங்கம். அதில் சேருங்கள், கட்டணத்தை அலுவலகம் கட்டுமா என்று முதலில் கேளுங்கள். பெரிய மாநாட்டைவிட வட்டாரக் கூட்டங்களில்தான் அதிகம் கற்கலாம்: நியூ இங்கிலாந்தில் நெட்ரா, கலிபோர்னியாவில் காரா.

உண்மையான படிப்பு மூலப் பதிவுகளைப் படிப்பதுதான். ஒருவர் எவ்வளவு கொடுக்கக்கூடும் என்று மென்பொருள் போட்டுத் தரும் மதிப்பெண்ணை நம்பி உட்கார்ந்தால் நீங்கள் வளரவே மாட்டீர்கள். பங்குச்சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில், நிறுவனங்களின் பிராக்ஸி அறிக்கையை, அதாவது பங்குதாரர் வாக்கெடுப்புக்கு முன் அவர்களுக்கு அனுப்பும் அறிக்கையை, எடுங்கள். இயக்குநர்கள், மேல்நிலை அதிகாரிகளின் சம்பளம், ஐந்து சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் எல்லாம் அதில் உண்டு. இயக்குநர்களும் மேல்நிலை அதிகாரிகளும் தங்கள் நிறுவனப் பங்கை வாங்கினாலும் விற்றாலும் இரண்டு வேலை நாளுக்குள் படிவம் 4 போடவேண்டும். அதன் அடிக்குறிப்புகளை விடாதீர்கள்: பங்கு அவர் பெயரிலா, மனைவி பெயரிலா, டிரஸ்டிலா என்பது அங்கேதான் இருக்கும். எட்கர் முழுமையாக நடைமுறைக்கு வந்த 1996-க்கு முன், இதற்கெல்லாம் காகிதக் கட்டுகளைத் தேடி அலையவேண்டும். வீட்டுப் பதிவுக்குக் கவுண்டி அலுவலகத்தில் வரிசையில் நிற்கவேண்டும்.

குடும்ப அறக்கட்டளைகளுக்கு, அவை ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தரும் 990-பி.எஃப். படிவம். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், அறங்காவலர் யார் என்று வரிவரியாக இருக்கும். முன்பே தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டுமே கொடுப்போம் என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் விண்ணப்பம் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். நிதியாண்டு முடிந்து நாலரை மாதம் கெடு, அதன்மேல் ஆறு மாத நீட்டிப்பு. ஆகையால் கையில் கிடைப்பது பழைய கணக்குதான். டோனர் அட்வைஸ்டு நிதி (பணத்தை ஓர் அறநிறுவனத்தில் போட்டுவிட்டு, யாருக்குக் கொடுப்பது என்று கொடையாளர் பிறகு பரிந்துரைப்பது) வழியே போகும் கொடையில் யார் கொடுத்தார் என்பது படிவத்தில் தெரியாது.

வீட்டு மதிப்பில் ஏமாறுபவர்கள் அதிகம். கலிபோர்னியாவில் 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவுப்படி, வரிக்காகக் கணக்கிடும் வீட்டு மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது, வீடு கைமாறும் வரை. நாற்பது ஆண்டாக ஒரே வீட்டில் இருப்பவரின் வரி மதிப்பு சந்தை விலைக்குப் பக்கத்திலேயே வராது. அரசியல் நன்கொடைப் பதிவு இன்னொரு கண்ணி. 200 டாலருக்கு மேல் கொடுத்தவர்களின் பெயரும் வேலையும் தேர்தல் ஆணையத் தளத்தில் கிடைக்கும். ஆனால் தனிநபர் பற்றிய அந்தத் தகவலை நன்கொடை கேட்கப் பயன்படுத்தச் சட்டத்தில் தடை இருக்கிறது, அறக்கொடைக்கும் சேர்த்து.

பெயர் விஷயத்தில் உங்களுக்கு ஒரு பலம் உண்டு. தமிழர் பெயர்களில் இந்தத் தரவுத்தளங்கள் தடுமாறும். அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். அண்ணனும் தம்பியும் பெயரை முன்பின்னாக எழுதியிருப்பார்கள். மனைவிக்கு வேறு கடைசிப் பெயர். நாலு சுப்பிரமணியன்களை ஒருவராக்கிவிடும் மென்பொருள், ஒரு தம்பதியை இரண்டு வீடாகப் பிரித்தும்விடும். நகரத்தார் கோயில் கணக்கில் தம்பதியை ஒரு புள்ளியாக எழுதுவது போல, இங்கும் குடும்பம்தான் கணக்கின் அலகு. பெயரோடு முகவரி, பட்டம் பெற்ற ஆண்டு, வேலை என இரண்டு சான்றாவது ஒத்துப்போகாமல் யாரையும் இணைக்காதீர்கள்.

வசதி இருப்பவரெல்லாம் கொடுப்பதில்லை. அழகப்பர் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியதைப் பார்த்தவர்களுக்கு, மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அவர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தது வியப்பாக இருந்திருக்காது. ஒரு கொடையாளர் எதற்குக் கொடுத்தார், எத்தனை முறை கொடுத்தார் என்பதை, அவரைப் பற்றி நீங்கள் எழுதும் குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சொத்துப் பட்டியல் பின்னால் வரட்டும். மொத்தம் இரண்டு பக்கம் போதும். ஒவ்வொரு வரிக்கும் எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று குறியுங்கள். அந்த மனிதரே ஒருநாள் வாங்கிப் படிக்கலாம் என்று நினைத்து எழுதுங்கள். விவாகரத்துக் கதையும் நோய்க் கதையும் அதில் வேண்டாம். பிரிட்டனில் 2016 டிசம்பரில், கொடையாளருக்குத் தெரிவிக்காமல் அவர்களின் செல்வநிலையை ஆராய்ந்ததும் சேர்ந்த குற்றச்சாட்டில் இரண்டு பெரிய அறநிறுவனங்களுக்கு அபராதமே விழுந்தது.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று தெரிந்ததும், கோயில் கட்டடக் குழுவிலிருந்தோ ஊர்ச் சங்கத்திலிருந்தோ ஒருவர் வந்து, "நம்ம ஆள்களில் யாரிடம் பணம் இருக்கிறது, ஒரு பத்துப் பெயர் சொல்லுங்களேன்" என்பார். நல்ல காரியத்துக்குத்தான் கேட்பார், வயதிலும் பெரியவராக இருப்பார். ஒரு பெயர்கூடச் சொல்லாதீர்கள். அலுவலகக் கணினியில் தெரிந்தவர் பெயரைத் தேடவும் வேண்டாம். யார் எந்தப் பதிவைத் திறந்தார் என்பது பதிவாகும் அமைப்புகள் உண்டு. கொடையாளர் விவரத்தை இலவச ஏ.ஐ. செயலிகளில் ஒட்டுவதும் வெளியே சொல்வதற்குச் சமம். "அலுவலக விதிப்படி முடியாது, அண்ணே" என்று முதல் தடவையே சொல்லிவிடுங்கள். உங்கள் அலுவலகத்தின் ரகசியக் கொள்கையை எழுத்தில் கேட்டு வாங்கிப் படித்திருந்தால், அதைச் சொல்லக் கூச்சம் இருக்காது.