சிமென்ட்டும் கரியமில வாயுவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சிமென்ட் உலைகளைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டிவிட்டால் கரியமில வாயுப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பதில்: பாதிகூடத் தீராது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருக்கும் வாயுவே பிரிந்து வெளியேறுகிறது. 100 கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். எந்த நெருப்பில் சுட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆலை வெளியிடும் வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் இப்படிக் கல்லிலிருந்து வருவது. எனவே உலையில் உருவாகும் கிளிங்கரின் (அரைத்தால் சிமென்ட் ஆகும் சுட்ட கட்டிகள்) பங்கைக் குறைப்பதுதான் நம் கையில் உள்ள பெரிய வழி.

கேள்வி: ஃப்ளை ஆஷ் (நிலக்கரி மின்நிலையச் சாம்பல்) கலந்த சிமென்ட்டில் தளம் போட்டோம். 7 நாள் கியூப் சோதனையில் (கனசதுரக் கான்கிரீட் கட்டியை உடைத்துப் பார்ப்பது) வலு குறைவு. மேஸ்திரி சாதா சிமென்ட்டுக்கே போகலாம் என்கிறார். போகலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஃப்ளை ஆஷ் தானாக இறுகாது. கிளிங்கர் தண்ணீரோடு சேரும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரிந்துதான் அது பிணைப்பைத் தரும். ஆரம்பத்தில் மந்தமாக இருப்பது அதன் இயல்பு. 28 நாளுக்குப் பிறகும் வலு ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஈரம் வற்றினால் அந்த வினை நின்றுவிடும். ஆகவே 10 நாளாவது தண்ணீர் கட்டுங்கள், வறண்ட வெயிலில் 14 நாள். தளத்தைத் தாங்கும் முட்டுகளையும் பழைய நாள்கணக்கில் பிரிக்காதீர்கள். தளத்தின் பக்கத்திலேயே வைத்து ஆற்றிய கியூபை உடைத்துப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள்.

சிமென்ட்டைக் குறை சொல்லுமுன் தண்ணீரைப் பாருங்கள். சிமென்ட் எடைக்குத் தண்ணீர் எடையின் விகிதம் 0.45 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர்தான், அதுவும் மணலின் மேல் ஈரத்தையும் சேர்த்து. 5 சதவீத ஈரமுள்ள 100 கிலோ மணல் ஏறக்குறைய 5 லிட்டரைக் கொண்டுவந்துவிடும். கலவை இளக வேண்டும் என்று இன்னொரு குடம் ஊற்றினால் வலு விழும். அதை ஈடுகட்ட அடுத்த முறை சிமென்ட்டைக் கூட்டுவார்கள். தேவையில்லாத கரியமில வாயு நுழைவது இந்த இடத்தில்தான். இளக்கத்துக்குப் பிளாஸ்டிசைசர் (தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் ரசாயனம்) சேருங்கள். கம்பி இடைவெளி அனுமதித்தால் 10 மி.மீ. ஜல்லியைவிட 20 மி.மீ. ஜல்லி நல்லது, சிமென்ட் பசை குறைவாகப் போதும்.

ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 350 கிலோ சாதா சிமென்ட் என்றால், கிளிங்கரால் மட்டும் ஏறக்குறைய 280 கிலோ கரியமில வாயு. 30 சதவீதம் சாம்பல் கலந்ததில் அது 195 கிலோவுக்கு இறங்கும். தண்ணீரைக் கட்டுப்படுத்தி சிமென்ட்டை 320 கிலோவாக்கினால் 180 கிலோதான். ஒன்று மட்டும் கூடவே கூடாது: ஏற்கனவே கலந்து வந்த சிமென்ட்டில் களத்தில் மறுபடி சாம்பலைக் கொட்டுவது.

கேள்வி: நிலக்கரி மின்நிலையங்கள் மூடப்பட்டால் சாம்பலுக்கு எங்கே போவது?

பதில்: களிமண்ணுக்கு. கயோலின் என்ற கனிமம் உள்ள களிமண்ணை 800 டிகிரி அளவில் சுட்டால் போதும். கிளிங்கருக்கோ 1,450 டிகிரி வேண்டும். இந்தச் சிமென்ட்டின் வழக்கமான கலவை: கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் தூள் 15, ஜிப்சம் 5 சதவீதம். சுட்ட களிமண் தண்ணீரை அதிகம் இழுக்கும். பிளாஸ்டிசைசர் அளவைச் சோதனைக் கலவை போட்டு முடிவு செய்த பிறகே தளத்துக்குப் போங்கள்.