பெட்ரோல் பங்க் வேலையால ரத்தப் புற்றா?

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரர் 14 வருஷமா பெட்ரோல் பங்க்ல வேலை பாக்குறார். இப்ப சி.எம்.எல்.ங்கற ரத்தப் புற்றுனு சொல்லிட்டாங்க. பெட்ரோல் வாடையாலதான் வந்துச்சா? பிள்ளைங்களுக்கும் வருமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதல்ல பிள்ளைங்க விஷயம்மா, பயப்படாதீங்க, இது பரம்பரையா வர்றது இல்ல. 9வது குரோமோசோம்லயும் 22வதுலயும் துண்டு உடைஞ்சு ஒண்ணுக்கொண்ணு இடம் மாறி ஒட்டிக்கிடும், அதுவும் பிறந்த பிறகு எலும்பு மஜ்ஜைல ஒரு செல்லுல நடக்குறது, ஏன்னு பெரும்பாலான பேருக்குக் காரணமே கிடைக்காது. உறுதியா தெரிஞ்ச வெளிக்காரணம் அதிக அளவு கதிர்வீச்சுதான், 1945ல ஹிரோஷிமா குண்டுக்குத் தப்பினவங்கள்ல இது கூடுதலா வந்துச்சு. அதுக்காக ஒரு எக்ஸ்ரே எடுத்ததை நினைச்சு நடுங்க வேணாம்.

பெட்ரோல்ல பென்சீன்ங்கற ரசாயனம் இருக்கு, அது மஜ்ஜையைக் கெடுக்கும்ங்கறது நிஜம். ஆனா அதோட பலமா தொடர்பு காட்டினது வேற வகை ரத்த நோய்ங்க, வேகமா வளர்ற ரத்தப் புற்றான ஏ.எம்.எல்., மஜ்ஜை ரத்த செல்லைச் சரியா உருவாக்காத எம்.டி.எஸ். மாதிரி. சி.எம்.எல்.க்கு ஆதாரம் அவ்வளவு அழுத்தமா இல்ல, அதனால வேலைதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

இருந்தாலும் கூட வேலை பாக்குறவங்ககிட்ட சொல்லுங்க, நாசில் டக்குனு நின்னப்புறம் டேங்க் வாய்கிட்ட குனிஞ்சு பாத்துக்கிட்டே இன்னும் கொஞ்சம்னு ஊத்துறது, ட்யூபை வாயில வச்சு உறிஞ்சுறது, கிரீஸ் கையை பெட்ரோல்லயே கழுவுறது (இது எல்லா ஒர்க்‌ஷாப்லயும் நடக்கும்!), இதெல்லாம் வேணாம். அவருக்கு 2001ல வந்த இமாட்டினிப் மாத்திரை மாதிரி நல்ல மருந்துங்க இருக்கு, டாக்டர் சொல்லாம ஒரு நாள்கூட நிறுத்த விடாதீங்க.