28 பேருக்கும் மீதி விழாத ஓர் எண்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். வகுத்தல் கணக்கு கொடுத்தால் பிள்ளைகள் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். தொட்டபெட்டாவின் உயரமான 2637 மீட்டரை ஆளுக்கொரு எண்ணால் வகுக்கச் சொன்னேன். 3, 9 தவிர எதைக் கொடுத்தாலும் மீதி விழுகிறது. 28 பேருக்கும் வேறுவேறு எண், ஆனால் யாருக்கும் மீதி வரக் கூடாது. அப்படி ஓர் எண் உண்டா?

பதில்: உண்டு டீச்சர். 7,20,720.

தொட்டபெட்டா கணக்குக்குத் தோதான மலை இல்லை. 2637 என்பது 9 × 293. 293 பகா எண். மொத்தமே ஆறு காரணிகள்தான். ஊட்டியின் 2240 மீட்டர் பரவாயில்லை, 28 காரணிகள் உண்டு. ஆனால் 3-ஆல்கூட வகுபடாது.

7,20,720-ஐ 720 × 1001 என்று பிரித்துப் பாருங்கள். 720 என்பது 1 முதல் 6 வரை பெருக்கினால் வருவது: நான்கு 2, இரண்டு 3, ஒரு 5. 1001 என்பது 7 × 11 × 13. இவற்றை வைத்தே 2 முதல் 16 வரை எல்லா எண்ணையும் கட்டிவிடலாம். அத்தனையாலும் வகுபடும் மிகச் சிறிய எண்ணும் இதுதான். இதற்கு 240 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இப்படித் தனக்கு முந்திய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் நீண்ட கட்டுரை எழுதினார்.

உங்கள் வகுப்புக்கு 2 முதல் 16 வரை பதினைந்து பேர். பிறகு 18, 20, 21, 22, 24, 26, 28, 30, 33, 35, 36, 39, 40. சரியாக 28.

திருத்துவதும் சுலபம். 7, 11, 13 கலக்காத எண் கிடைத்த பதினேழு பேருக்கும் ஈவு 1001-இன் மடங்காகவே வரும், அதாவது மூன்று இலக்கம் இரண்டு முறை: 5-க்கு 144144, 16-க்கு 45045 (045 045). மற்ற பதினொரு பேருக்கு 7-இன் ஈவு 102960, 11-இன் ஈவு 65520, 13-இன் ஈவு 55440 என்று குறித்துக்கொள்ளுங்கள். 14-க்கு 102960-இல் பாதி, 33-க்கு 65520-இல் மூன்றில் ஒன்று, இப்படியே.

எனக்கு இந்த எண் பிடித்திருப்பதற்குக் காரணம் வேறு. 16-ஆல் வகுக்கும் பிள்ளை 72-இல் 4, 80-இல் 5 என்று போட்டுவிட்டு 7-ஐ இறக்கும். 7-இல் 16 போகாது. அங்கே 0 போட வேண்டும். பாதிப் பேர் அதை விட்டுவிட்டு அடுத்த 2-ஐயும் இறக்கி 4545 என்று முடிப்பார்கள். மீதி சுத்தமாக 0 வந்திருக்கும், விடை மட்டும் தப்பு. ஈவில் பூஜ்யத்தை விழுங்கும் பழக்கம் யாருக்கு என்று அன்றைக்கே தெரிந்துவிடும். விடையைத் திருப்பிப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சீக்கிரம் முடித்துவிட்டு வால் ஆட்டுகிறவர்களுக்கு 17-ஐக் கொடுங்கள், மீதி 5. 19-க்கு 12. 25-ஆலும் போகாது, எண்ணுக்குள் ஒரே ஒரு 5 இருப்பதால். 25 வேண்டுமானால் 5-ஆல் பெருக்கி 36,03,600 ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் மூன்றிலக்கம் திரும்ப வரும் அந்தக் குறுக்குவழி 2, 3 ஆகிய சின்ன எண்களுக்கு மட்டும் பலிக்காது.