பட்டியலும் பாட்டின் வரிசையும்

வணக்கம் அண்ணா,

2024இல் உங்களுக்குப் பிடித்த இசைத்தொகுப்புகள் என்று நான்கைச் சொல்லியிருந்தீர்கள்: த கியூர் என்ற ஆங்கில ரொக் குழுவின் ‘சோங்ஸ் ஒஃப் எ லொஸ்ட் வேர்ல்ட்’, அரூஜ் அஃப்தாபின் ‘நைட் ரெய்ன்’, பெத் கிப்பன்ஸின் ‘லைவ்ஸ் அவுட்குரோன்’, பிரியா ரகுவின் ‘சந்தோசம்’. கடைசியாகச் சொன்னது 2023 ஒக்ரோபரில் வெளியானது. அது எப்படி இந்தப் பட்டியலுக்குள் வந்தது? ஒரு தமிழ்த் திரைப்பட இசைகூட இல்லையே, அதெல்லாம் தொகுப்பில் சேராதா? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எழுதுகிறீர்கள், இங்கே வெளியான ஒன்றுகூடவா உங்கள் காதில் விழவில்லை? நான் நகரத்துக்கு வகுப்புக்குப் போய்வரும் பஸ்ஸில்தான் பாட்டுக் கேட்கிறேன். போக்குக்குப் பத்து நிமிடம். ஒரு தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை கேட்கும் வசதி உங்கள் வயதுக்காரருக்குத்தான் உண்டு. கோபிக்க வேண்டாம்.

ச., கொக்குவில்

அன்புள்ள ச.,

கோபம் இல்லை. ‘உங்கள் வயதுக்காரர்’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் மேலே வாசித்தேன்.

‘சந்தோசம்’ என் கைக்கு வந்தது 2024 தையில். பிரியா ரகு சுவிற்சர்லாந்தில் பிறந்தவர். அவருக்கு இசையமைக்கும் சகோதரர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஜஃப்னா கோல்ட். ஊரின் பெயரைச் சூடிக்கொண்டவரின் இசை எனக்கு மட்டும் மூன்று மாதம் பிந்தி வந்தது. வெளியான திகதியை வைத்துக் கணக்கெழுதுவது பத்திரிகைகளின் வேலை. அவற்றிலும் பல டிசெம்பர் பிறக்கும்போதே கணக்கை முடித்துவிடுகின்றன. அமெரிக்கப் பாடகர் டி ஏஞ்சலோவின் ‘பிளாக் மெசாயா’ 2014 டிசெம்பர் 15இல் வந்தபோது பல பட்டியல்கள் ஏற்கெனவே வெளியாகியிருந்தன. என் கணக்கு வேறு: அந்த வருடம் எது என்னோடு இருந்ததோ அது.

திரைப்பாட்டுக்கு வருவோம். நான் அதைக் குறைத்து மதிப்பவன் அல்லன், அதில் வளர்ந்தவன். ஆனால் எங்களுக்கு அது வந்த வழியைச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் இங்கே பாட்டு வேண்டுமென்றால் றெக்கோடிங் பாருக்குப் போவோம். கொப்பித் தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிட கசெற்றில் பதிந்து தருவார்கள். என் தாளில் எப்போதும் ஒரு பாட்டுக் கூட இருக்கும். அந்தக் கடைசிப் பாட்டு, சரணத்தின் நடுவில் நாடா முடிந்து அறுந்துவிடும். இன்றைக்கும் எங்காவது அந்தப் பாட்டு முழுதாக ஒலித்தால், அறுந்த இடம் வந்ததும் என் காது நின்றுவிடுகிறது. ஆகவே திரைப்பாட்டு எங்களுக்குத் தனித்தனிப் பாட்டு, வரிசை எங்களுடையது. படத்தின் தேவைக்கு எழுதப்பட்ட ஐந்து பாட்டுகள் அடுத்தடுத்து நிற்பதால் மட்டும் அவை ஒரு தொகுப்பாகிவிடுவதில்லை. இளையராஜாவே 1986இல் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை ஜே. எஸ். பாக்குக்கும் காணிக்கையாக ‘ஹவ் டு நேம் இட்?’ செய்தபோது படத்துக்கு வெளியே வரத்தானே வேண்டியிருந்தது?

வசதி என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியாது. 1990இல் போரால் மின்சாரம் போயிற்று. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, மிதிக்கட்டையைக் கையால் சுற்றித்தான் பாட்டுக் கேட்டோம். கை சோர்ந்தால் இசை கட்டைக் குரலில் இழுபடும். தம்பி உற்சாகமாகச் சுற்றினால் கீச்சிடும். எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்த கசெற்றுகளில் ஒழுங்காக ஓடியது ஒன்றுதான்: கோயில் வீதியில் யாரோ பதிந்த நாதஸ்வரக் கச்சேரி. நடுவில் ஒரு குழந்தை அழும், மணி அடிக்கும். ஒரு பக்கம் முழுவதும் தோடி ஆலாபனை. தவில் வந்து சேருவது மறுபக்கத்தில். இடையில் தாண்ட முடியாது, தாண்டுவதற்கும் யாராவது சுற்ற வேண்டும். பேனையைச் செருகி நாடாவைச் சுற்றலாம்தான், ஆனால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. அதனால் தவில் வரும் இடத்துக்காக முறை வைத்துச் சுற்றினோம்.

த கியூரை நான் முதலில் வைத்ததன் காரணம் அந்தச் சைக்கிளில் இருக்கிறது. அவர்கள் பதினாறு வருடங்களுக்குப் பிறகு வெளியிட்ட தொகுப்பு அது. எட்டுப் பாட்டுகள், 49 நிமிடம். முதற்பாட்டில் மூன்று நிமிடத்துக்கு மேல் குரலே வராது. கடைசிப் பாட்டு பத்து நிமிடம். அதிலும் பாதிக்கு மேல் கடந்த பிறகுதான் பாடகர் ரொபேர்ட் ஸ்மித் வாய் திறக்கிறார். நடுவில், இறந்துபோன தன் அண்ணனுக்கு அவர் பாடும் ஒரு பாட்டு. தனியாக எடுத்துக் கேட்டால் அது சாதாரண ஒப்பாரி. ஐந்து பாட்டுகளைத் தாண்டி அங்கே வந்து சேரும்போதுதான் நெஞ்சை அடைக்கிறது. ‘நைட் ரெய்ன்’ வேறு விதம் (பெயரில் உள்ள ‘ரெய்ன்’ மழை அல்ல, ஆட்சி; இரவின் ஆட்சி). பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்து ஐதராபாத்தில் வாழ்ந்த மா லகா பாய் என்ற பெண்கவியின் உருதுக் கவிதைகளை அரூஜ் எடுத்துப் பாடுகிறார். மொழி புரியாமலே இரவில் பல தடவை கேட்டேன். பெத் கிப்பன்ஸைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் இழுக்கவில்லை.

இங்கே வெளியான ஒன்றுகூடவா என்ற உங்கள் மூன்றாவது கேள்வியில்தான் அகப்பட்டுக்கொண்டேன். எங்கள் ஊர் அம்மன் கோயில் போன வருடத் திருவிழாவுக்கு ஒரு இறுவட்டு வெளியிட்டது. மண்டபத்தில் விளக்கேற்றி, வாழ்த்துரை எட்டுக் கேட்டு, கடித உறையில் காசு வைத்துக் கொடுத்து வாங்கிவந்தேன். மேலுறைகூடப் பிரிக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் அதையே கேட்டு எழும்புகிறவன் பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்?

உங்கள் கடிதம் வந்த அன்று பிரித்தேன். பிள்ளையாரில் தொடங்கி, கொடியேறி, தேர் ஓடி, தீர்த்தமாடி, திருவூஞ்சலில் முடிகிறது. திருவிழா எந்த வரிசையில் நடக்கிறதோ அதே வரிசை. ஒரு பாட்டை இடம் மாற்றினால் தேர் கொடிக்கு முன் ஓடிவிடும். தொகுப்பு என்றால் என்னவென்று மேலே இவ்வளவு எழுதினேனே, அது என் மேசையில் உறை பிரிக்காமல் கிடந்திருக்கிறது.

நல்ல இசையா என்று கேட்டால், முழுவதும் இல்லை. நாதஸ்வரத்தைக் கீபோர்டில் வாசித்திருக்கிறார்கள். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன அளவெட்டியையும் இணுவிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்ய எப்படி மனம் வந்தது? ஆனால் கடைசியில் ஒரு முதியவர் பக்கவாத்தியம் எதுவுமில்லாமல் ஊஞ்சற் பாட்டைப் பாடுகிறார். ஒவ்வொரு ‘ஆடீர் ஊஞ்சல்’ வரும்போதும் மூச்சுக்கு ஒரு கணம் நிற்கிறார். சங்கிலி போய்த் திரும்பும் இடைவெளி அளவுக்குத்தான் அந்த நிறுத்தம். பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு யோசனை. வகுப்பு முடிந்து திரும்பும்போது ஒரு நாள் கொக்குவிலில் இறங்காமல் காங்கேசன்துறைக்கு டிக்கெட் எடுங்கள். 49 நிமிடம் ஏறக்குறையச் சரியாக இருக்கும். பஸ்காரர் போடும் பாட்டை எப்படிச் சமாளிப்பது என்பது உங்கள் பாடு.